ஆற்றுவாய் வெட்டும் நேரம்

மட்டக்களப்பில் ‘பாதை’ என்றால் நடந்து போகும் வழியல்ல. வாவியைக் கடக்கும் மிதவை. அம்பிளாந்துறைக் கரையில் விடியற்காலை ஐந்தரைக்கு அதற்காகக் காத்து நின்றோம். இரவு முழுக்க அடித்த மார்கழி மழை அப்போதுதான் தூறலாகக் குறைந்திருந்தது. இறங்குதுறையின் சீமெந்துத் தளத்துக்குக் கீழே கிடக்க வேண்டிய தண்ணீர் மேலேறி வந்து எங்கள் செருப்பை நனைத்தது.

சூரியன் படும் பக்கம் என்பதால் இந்தக் கரை படுவான்கரை. எழும் பக்கம் எழுவான்கரை. வயலும் எருமையும் தயிர்ச்சட்டியும் இங்கே. பெரிய ஆஸ்பத்திரி, கச்சேரி, கோச்சி ஏறும் ஸ்டேசன் எல்லாம் தண்ணீருக்கு அங்கால். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு பலர் இந்தப் பாதையை மறந்துவிட்டார்கள். தெற்கே குடியிருப்பவர்களுக்கு இன்னும் இதுதான் கிட்ட.

ஏறி நின்றதும் ஆற்றுவாயைப் பற்றிப் பேச்சுத் தொடங்கியது. 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த வாவி, நகரத்துக்கு வடக்கே பாலமீன்மடுவுக்குப் பக்கத்தில் கடலைத் தொடுகிறது. கோடையில் அந்த வாய் மணலால் மூடிவிடும். மாரியில் தண்ணீர் ஏறினால் மணல்திட்டை வெட்டிக் கடலுக்குத் திறந்துவிட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில்தான் இழுபறி.

“வெள்ளாமை அழுகுது. இண்டைக்கே வெட்ட வேணும்” என்றார் மண்வெட்டியோடு நின்றவர்.

“இப்ப வெட்டினா இறாலெல்லாம் கடலுக்குப் போயிரும். மறுகா நாங்க என்னத்தத் தின்னுற?” என்றார் வீச்சுவலையைத் தோளில் போட்டிருந்தவர்.

என்னோடு வந்த மாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மடியில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் கிளினிக் கொப்பி, மூன்று ஸ்கேன் படங்கள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள் ஒரு கத்தை, மழைக்கு மேலே சுற்றிய இன்னொரு பை. வயிறு எட்டு மாதக் கர்ப்பிணிக்குப் போல முன்தள்ளி நிற்க, கையும் கழுத்தும் மட்டும் வற்றிக் கிடந்தன.

அவருக்கு 54 வயது. பெயர் போட வேண்டாம், ஊரும் வேண்டாம் என்றார். “ஈரல் பழுதாப் போச்சு எண்டு எழுதினா, அவ குடிச்சவ எண்டுதான் வாசிப்பாங்க புள்ள.”

அவர் சொல்வதில் பிழையில்லை. கசிப்பாலும் சாராயத்தாலும் ஈரல் கெட்டுப் போன ஆண்களை இந்தப் பக்கத்து ஊர்கள் நிறையவே புதைத்திருக்கின்றன. 2017 இல் கல்குடாவில் எரிசாராய ஆலை எழும்பியபோது மக்கள் தெருவில் இறங்கியதற்கு அப்படியான வீடுகளின் நினைவும் ஒரு காரணம். ஆகவே ஈரல் என்றால் குடி என்பது ஊர்க் கணக்கு. மாமி வாழ்நாளில் குடித்ததில் கடுமையானது சாயத் தண்ணி. அவருக்கு இருந்தது பதினாறு வருசத்துச் சீனி வருத்தம். சீனியோடு சேர்ந்து ஈரலில் கொழுப்பு படிந்து, கொழுப்பு அழற்சியாகி, அழற்சி தழும்பாகி, தழும்பு இறுகி ஈரல் கல்லாகியது. வலி ஏதும் காட்டவில்லை. இரண்டு வருசத்துக்கு முன் ஒரு நாள் வேலிக்கு மட்டை கட்டிக்கொண்டிருந்தவர் இரத்தமாக வாந்தி எடுத்தபோதுதான் தெரிய வந்தது.

இன்று கிளினிக் நாள். வயிற்றில் தேங்கிய தண்ணீரை எடுக்க வேண்டும். அதோடு ஒரு எண்ணும் தெரிய வேண்டும்.

பதின்மூன்று

குருக்கள்மடத்தில் இறங்கி கல்முனை வீதியில் பஸ் பிடித்தோம். கிரான்குளம், தாளங்குடா, ஆரையம்பதி, காத்தான்குடி, நாவற்குடா. கல்லடியில் 2013 இல் திறந்த புதுப் பாலத்தால் பஸ் போனது. பக்கத்திலேயே 1924 இன் பழைய இரும்புப் பாலம் ஓய்ந்து நிற்கிறது. பாடும் மீனைக் கேட்க வருகிறவர்கள் நிலா நாளில் தோணி பிடிப்பது இங்கேதான். மாமி யன்னலோரம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். இரவில் தூங்குவதில்லை, பகலில் தூக்கம் தள்ளும். இந்த நோயில் இரவும் பகலும் இடம் மாறிவிடும்.

கிளினிக்கில் ஏழு மணிக்கே வாங்குகள் நிரம்பிவிட்டன. மிஸ் ஒருவர் பெயர் கூப்பிட்டு நிறை பார்த்தார். 58 கிலோ. கொப்பியில் எழுதிவிட்டு, தையற்காரர் வைத்திருக்கும் நாடா போன்ற ஒன்றை எடுத்து மாமியின் மேற்கையைச் சுற்றி அளந்தார். அந்த அளவைத்தான் இரண்டாம் முறை சரி பார்த்தார்.

டொக்டர் இளம் பெண். கொப்பியைப் புரட்டியபடியே, “அம்மா, கையை நீட்டுங்க, விரலை விரிச்சு, பஸ்ஸை மறிக்கிற மாதிரி” என்றார். மாமி நீட்டினார். விரல்கள் இறக்கை அடிப்பது போல ஆடினால் மூளைக்கு நஞ்சு ஏறுகிறது என்று அர்த்தம். இன்று ஆடவில்லை. போன மாதம் ஆடியது. அப்போது சொதிக்கு உப்பென்று சீனியை அள்ளிப் போட்டுவிட்டு, மகளைத் தன் அம்மா என்று எண்ணி ‘எப்பம்மா வந்த நீ’ என்று கேட்டிருக்கிறார். ஒரு போத்தல் லக்டுலோஸ் பாணி குடித்து வயிறு நாலு தரம் போன பிறகே மகள் மகளானாள்.

“வாவிக்குள்ள இறங்குறீங்களா?”

“ஒருக்கா ரெண்டு தரம் இறால் பொறுக்க…”

“காலில புண் இருந்தா ஒருக்காலும் இறங்கப்படாது. பச்சையா மட்டி, நண்டு ஒண்டும் வாயில வைக்கப்படாது.”

உவர்நீரில் வாழும் விப்ரியோ வல்னிபிகஸ் என்ற கிருமி ஒன்றுண்டு. நல்ல ஈரல் உள்ளவரைப் பெரும்பாலும் அது ஒன்றும் செய்யாது. ஈரல் சுருங்கியவரின் இரத்தத்தில் புகுந்தால் ஓரிரு நாளில் ஆளையே முடித்துவிடும். பிறந்ததில் இருந்து கால் நனைத்த தண்ணீரை இனித் தொடாதே என்று கேட்டபோது, மாமி தன் காலைத்தான் பார்த்தார்.

பிறகு டொக்டர் தாளில் ஒரு எண்ணை எழுதி வட்டம் போட்டார். 13.

‘மெல்ட்’ என்று அதற்குப் பெயர். பிலிருபின், கிரியற்றினின், இரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர். ஆகிய மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் 6 முதல் 40 வரை ஒரு எண் வரும். அடுத்த மூன்று மாதத்தில் சாவு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்பதற்கான மதிப்பீடு அது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பட்ரிக் காமத் முதலானவர்கள் இதை வகுத்தபோது ஈரல் மாற்று அவர்கள் மனதில் இல்லை. ஈரலுக்குள் குழாய் பொருத்தும் வேறொரு சிகிச்சைக்குப் பின் யார் தாக்குப் பிடிப்பார் என்று அறியவே கணக்குப் போட்டார்கள். 2002 இல் அமெரிக்கா தன் ஈரல் வரிசையை இதன்படி மாற்றியது. அதற்கு முன்னர் வரிசையில் நெடுநாள் நின்றவருக்கு முன்னுரிமை இருந்தது. வரிசையில் பெயர் பதியவும் காத்திருக்கவும் வசதியுள்ளவருக்குத்தான் அது சாதகம். எண் வந்த பிறகு, முகம் பார்க்காமல், யாருக்கு அதிக ஆபத்தோ அவருக்கு முதலிடம். நியாயமான மாற்றம்தான். உலகின் பல நாடுகள் அதைப் பின்பற்றின.

15 ஐத் தாண்டும்போதுதான் மாற்றுச் சிகிச்சையால் ஆயுள் கூடும் என்பது பொது விதி. அதற்குக் கீழே அறுவையின் ஆபத்து நோயின் ஆபத்தை விடப் பெரிது. இறந்தவர் தரும் ஈரலுக்கான வரிசையில் 13 என்பது வெகு பின்னால்.

ஆனால் இந்த எண் பார்ப்பது இரத்தத்தை மட்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஐந்து லீற்றர் தண்ணீர் நிரம்பும் வயிறு அதன் கண்ணில் படாது. மகளை அம்மாவாக்கிய குழப்பமும் படாது. இன்னும் ஒரு கோணல் உண்டு. கிரியற்றினின் தசையில் இருந்து வருவது. தசை வற்றியவருக்கு அது குறைவாகவே காட்டும். சிறுநீரகம் களைத்தாலும் எண் ஏறாது. ஆண்களை விடத் தசை குறைந்த பெண்கள் இதனால் வரிசையில் பின்தள்ளப்படுவதைப் பல வருசம் கழித்துக் கண்டுபிடித்து, அமெரிக்காவில் 2023 இல் நடைமுறைக்கு வந்த புதிய சூத்திரத்தில் பெண் என்றால் கூடுதலாக 1.3 புள்ளி கொடுத்தார்கள். வயலில் களை பிடுங்கியே தேய்ந்த ஒரு மெலிந்த பெண்ணுக்கு, அவள் மெலியும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பழைய கணக்கு ‘உனக்கு அவ்வளவு வருத்தமில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

டொக்டர் 13 இன் பக்கத்தில் இன்னொரு எண்ணை எழுதினார். 21.

“உங்கட சோடியம் 128. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டா இதுதான் வரும். கடிதத்தில ரெண்டையும் போடுறன்.”

அதே உடம்பு, அதே காலை, அதே ஊசியில் எடுத்த இரத்தம். எதைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதின்மூன்று இருபத்தொன்றாகிறது.

மாமி வட்டத்துக்குள் இருந்த எண்ணைச் சற்று நேரம் பார்த்தார். “அப்ப கூடினாத்தான் நல்லமா மகள்?”

டொக்டருக்கு உடனே பதில் வரவில்லை. “கூடினா வரிசையில முன்னுக்கு வருவீங்க. நல்லாக் கூடினா உடம்பு ஒப்பரேசனத் தாங்காது.”

“முந்தி வெட்டினாலும் பிழை, பிந்தி வெட்டினாலும் பிழை” என்றார் மாமி, என் பக்கம் திரும்பி. டொக்டருக்கு விளங்கவில்லை. பாதையில் வந்த எனக்கு விளங்கியது.

ஆறு மாதக் கணக்கு

தண்ணீர் எடுக்க வாட்டில் கட்டில் கிடைக்கும் வரை வெளி வாங்கில் இருந்தோம். பக்கத்தில் நாற்பது மதிக்கத்தக்க ஒருவர். கண் மஞ்சள், மஞ்சள் என்றால் பழுத்த பனம்பழத்தின் உட்சதை மாதிரி. கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் கோடு கோடாகக் கிழித்து வைத்திருந்தார். குடியை விட்ட நாளில் இருந்து நாளுக்கொரு கோடு. 118 கோடு.

குடியால் ஈரல் கெட்டவர் ஆறு மாதம் தொடர்ந்து குடிக்காமல் இருந்து காட்ட வேண்டும் என்பது உலகின் பல மையங்களில் நெடுங்காலம் இருந்த விதி. ஈரலுக்குத் தானாகத் தேற அவகாசம் கொடுப்பது ஒரு நியாயம். திரும்பக் குடிக்கமாட்டார் என்று உறுதிப்படுத்துவது மற்றது. முதலாவது ஓரளவு உண்மை. விட்டவர்களில் சிலர் மாற்றே தேவைப்படாத அளவுக்குத் தேறுகிறார்கள். இரண்டாவதற்கு ஆறு என்ற எண்ணில் மந்திரம் ஒன்றுமில்லை. கடும் அழற்சி வந்தவருக்கு ஆறு மாத ஆயுளே இருப்பதில்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் கவனமாகத் தெரிந்தெடுத்த 26 பேருக்கு, மருந்துக்கு அசையாத நிலையில், ஆறு மாதம் பார்க்காமலே மாற்றுச் செய்தார்கள். ஆறு மாதத்தின் பின் அவர்களில் 77 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். செய்யாமல் விட்ட ஒப்பான நோயாளிகளில் 23 சதவீதம். 2011 இல் அந்த ஆய்வு வெளிவந்த பிறகு விதி பல இடங்களில் தளர்ந்தது. ஆனால் தெரிந்தெடுத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். குடும்பம் கூட நிற்க வேண்டும். வேறு மனநோய் இருக்கக்கூடாது. வைத்தியர், தாதி, ஆலோசகர் என எல்லோரும் ஒரே குரலில் சம்மதிக்க வேண்டும்.

“ஆறு மாசம் முடிய இன்னும் அறுபத்திரண்டு கோடு கிடக்கு” என்றார் அவர். மாமி பையில் இருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார். ஊரில் எந்தப் பேருக்குப் பயந்து தன் பெயரையே மறைக்கிறாரோ, அந்தப் பேருக்கு உரியவர் பக்கத்தில் இருந்து பழம் உரித்தார்.

பல்லுக்கும் ஈரலுக்கும் என்ன?

அரச ஆஸ்பத்திரிகளில் ஈரல் மாற்று நடப்பது பெரும்பாலும் கொழும்பைச் சுற்றித்தான். கிழக்கு மாகாணத்தில் ஓரிடமும் இல்லை. ராகமயில் பேராசிரியர் ரொஹான் சிறிவர்தன போன்றோர் 2010 களின் தொடக்கத்தில் இருந்து உழைத்துத்தான் இந்த நாட்டில் இது சாத்தியமானது. அதற்கு முன்னர் இந்தியாவுக்குப் போக வசதி இருந்தவர் போனார். இல்லாதவர் இருந்த இடத்தில் முடிந்தார். இப்போது அறுவைக்குக் காசில்லை. இலவச வைத்தியத்தின் பெருமைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அறுவை மேசை வரை போவதற்கு ஒரு நெடும் பட்டியல் இருக்கிறது.

மாமி போன ஆனியில் மேல் மாகாணத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். இரவுக் கோச்சியில், வாழைச்சேனை, வெலிக்கந்தை, பொலன்னறுவை, கல்லோயா வழியாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். பட்டியலை அவர் விரல் மடித்துச் சொன்னார். நெஞ்சு ஸ்கேன். மூச்சு ஊதிப் பார்க்கிறது. சளி. மார்பு. கருப்பை வாய். ஈரலில் கட்டி இருக்கிறதா என்று மருந்தேற்றி எடுக்கும் படம். கட்டி இருந்தாலும் ஒரு எல்லை உண்டு: ஒன்றானால் ஐந்து சென்டிமீற்றருக்குள், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீற்றருக்குள். இத்தாலியில் மிலான் நகரத்து வைத்தியர்கள் 1996 இல் கீறிய கோடு அது. அதைத் தாண்டினால் கதவு மூடிவிடும். மாமிக்குக் கட்டி இல்லை.

கடைசி விரலில் பல் வைத்தியர்.

“பல்லுக்கும் ஈரலுக்கும் என்ன புள்ள? வெத்திலை போட்டுப் போட்டு நாலு பல்லு சொத்த. அதப் புடுங்கிப்போட்டு வரச் சொல்லிட்டாங்க.” மாற்றிய ஈரலை உடம்பு அந்நியன் என்று தாக்காதிருக்க, வாழ்நாள் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுக்க வேண்டும். அப்போது ஒரு சொத்தைப் பல்லின் சீழ் கூட இரத்தத்தில் பரவிவிடும். ஈரல் பழுதானவருக்குப் பல் பிடுங்கினால் இரத்தம் நிற்காது என்பதும் உண்டு. ஆக நாலு பல்லுக்கு நாலு நாள் வாட்டில் கிடந்தார்.

எல்லாவற்றையும் விடக் கடினமான கேள்வியை ஒருவர் சிங்களத்தில் கேட்க, ஒரு தாதி தனக்குத் தெரிந்த தமிழில் மாற்றிச் சொல்லியிருக்கிறார்: “ஒங்களோட ஆரு நிப்பாங்க?” அறுவைக்குப் பிறகு சில மாதம் ஆஸ்பத்திரிக்குக் கிட்டவே தங்க வேண்டும். நேரம் தவறாமல் மருந்து, கிழமைக்கு இரத்தப் பரிசோதனை, காய்ச்சல் என்றால் உடனே ஓட வேண்டும். கணவர் 2007 இன் இடப்பெயர்வோடு இல்லை. மகளிடம் எட்டு மாதக் குழந்தை. மகன் கட்டாரில் சாரதி. மாமிக்குச் சொல்ல ஒரு பெயர் வரவில்லை. “முருகன் நிப்பான் எண்டு சொல்ல வாய் வந்தது. அத அவ எப்புடி மாத்திச் சொல்லுவா எண்டு பேசாம இருந்திட்டன்.”

தூரமும் ஒரு தகுதிதான். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் ஈரலை ஐஸில் வைத்தாலும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும். அழைப்பு எந்தச் சாமத்திலும் வரும். கோச்சிக்கு எட்டு ஒன்பது மணி நேரம். பாதை இரவில் ஓடாது. இலங்கையில் 1987 இன் 48 ஆம் இலக்கச் சட்டம் மூளைச்சாவின் பின் உறுப்பெடுக்க இடம் தருகிறது. கண் தானத்தில் இந்த நாடு உலகத்துக்கே கொடுத்த நாடு. ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய சங்கம் கடல் கடந்தும் கண்களை அனுப்பியது. ஆனால் கண்ணை, வீட்டில் படுத்து இறந்தவரிடம் இருந்தும் எடுக்கலாம். ஈரலுக்கு நெஞ்சு துடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு இயந்திரத்தில் மார்பு ஏறி இறங்குகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, ‘இவன் செத்துவிட்டான், எடுங்கள்’ என்று ஒரு தாய் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு பெற்றோர் சொன்னதில் இருந்துதான் எல்லாம் மாறியது. 2008 செப்டெம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த பதினைந்து வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை, வைத்தியர்களான தாயும் தந்தையும் கொடுத்தார்கள். சென்னை வீதிகளை மறித்து அவன் இதயத்துக்குப் பொலிஸ் வழிவிட்டது. அந்த ஒரு பயணம் ஆயிரம் விளம்பரம் செய்யாததைச் செய்தது. 2023 இல் இருந்து உறுப்புக் கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கு அங்கே அரச மரியாதையோடு நடக்கிறது. நம்மவர் பலர் சென்னைக்குப் போகலாமே என்பார்கள். இறந்தவரின் ஈரல் அங்கே முதலில் இந்தியருக்கு. அதன் பின்னரே வெளிநாட்டவருக்கு. சொந்தத்தில் ஒருவர் கொடுக்க வந்தாலும் இருபது இலட்சம் இந்திய ரூபாய்க்கு மேல் வேண்டும். ஜனாதிபதி நிதியத்துக்கு இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிடைப்பது கணக்கில் ஒரு பகுதியைத்தான் நிரப்பும்.

ஏறுவதும் இறங்குவதும்

இரண்டு மணிக்குள் ஐந்து லீற்றர் எடுத்துவிட்டார்கள். வைக்கோல் நிறத் தண்ணீர். வயிறு தளர்ந்து, மாமியின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. தொலைபேசி கூவியது. கட்டாரில் இருந்து மகன், வீடியோவில்.

கொடுக்க வந்தவர் இந்த மகன்தான். உயிரோடிருப்பவர் தன் ஈரலில் பாதிக்கு மேல் கொடுக்கலாம். சில மாதத்தில் இருவருக்கும் வளர்ந்துவிடும். உடம்பில் இப்படி வளர்ந்து நிரம்புகிற பெரிய உறுப்பு வேறில்லை. மகன் கொடுத்தால் மெல்ட் வரிசை தேவையில்லை, நள்ளிரவு அழைப்பும் தேவையில்லை. இரத்த வகை பொருந்தியது. லீவில் வந்து ஸ்கேன் எடுத்தான். 29 வயது, 92 கிலோ, ஈரல் முழுக்கக் கொழுப்பு. வேண்டாம் என்றுவிட்டார்கள். கொழுப்பேறிய ஈரலை வெட்டிப் பாதியை எடுத்தால் கொடுப்பவருக்கும் ஆபத்து, வாங்குபவருக்கும் ஆபத்து.

ராகமயில் ஊர் மக்களிடம் நடத்திய ஆய்வில் 2007 இலேயே மூன்றில் ஒருவரின் ஈரலில் கொழுப்பு இருந்தது. தாயைப் படுக்க வைத்தது எதுவோ அதுவே மகனையும் தகுதியில்லாதவன் ஆக்கியது. ஒரே வீட்டு அடுப்பு, ஒரே இரத்தம். ஈரல் கெட்டவருக்குச் சொந்தத்தில் கொடுப்பவர் கிடைக்காமல் போவது இப்படித்தான்.

ஆனால் இந்தக் கொழுப்பு இறங்கக்கூடியது. நடந்து, தின்பதைக் குறைத்து, இரண்டு மூன்று மாதத்தில் குறைத்துக்கொண்டு வந்து கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். மகன் வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம் நடக்கிறான். சோற்றை ஒரு நேரமாக்கிவிட்டான்.

தாய்க்கோ எதிர் வேலை. அவர் சதை வைக்க வேண்டும். கெட்ட ஈரல் இருப்பு வைக்கத் தெரியாதது. நல்ல ஈரல் உள்ளவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பு எப்படித் தன் தசையைத் தின்னுமோ, அப்படி இவர்கள் உடம்பு ஓர் இரவுக்குள்ளேயே தின்னத் தொடங்கும். அதனால் படுக்கும் முன் கட்டாயம் ஏதாவது சாப்பிட வேண்டும். மாமி போன ஐப்பசியில் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடித்தார், ஈரல் சுகமாக வேண்டும் என்று மண்டூர் முருகனை நேர்ந்து. அந்த ஆறு நாளில் கை எவ்வளவு வற்றியது என்பது கொப்பியில் இருக்கிறது: 22 இல் இருந்து 21 சென்டிமீற்றர். டொக்டர் கோபிக்கவில்லை. “முருகனுக்கு நான் கணக்குச் சொல்லிக்கிறன். நீங்க ராவைக்குத் தயிரும் பிட்டும் சாப்பிடுங்க” என்றாராம்.

“எத்தின கிலோம்மா?” என்று மகன் கேட்டான்.

“58. தண்ணி எடுத்தா 53. அதக் கேட்டு என்னடா செய்யிற? நீ எத்தின?”

“84.”

மாமி தொலைபேசியைத் தள்ளிப் பிடித்து அவன் முகத்தைப் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது. தன் பிள்ளை மெலிந்ததைப் பார்த்துச் சந்தோசப்படும்படி ஆகிவிட்டதே என்று எந்தத் தாயும் திகைப்பாள். மாமி திகைத்து, பிறகு சொன்னார்: “இன்னும் கொஞ்சம் இறங்கு மகன்.” கையைத் தூக்கித் திரையில் காட்டினார். “இங்க பாரு. இருபத்தொண்டர.”

மகனின் அடுத்த ஸ்கேன் மாசியில். கடிதம், இரண்டு எண்களோடும், மறுபடி மேற்கே போகிறது. ‘இப்போதைக்கு இல்லை’ என்று போன ஆனியில் வந்த பதில் என்னவாக மாறும் என்பதை அந்த வாட்டில் யாரும் சொல்லவில்லை.

குச்சி

நாலரைக்குப் பாதையில் திரும்பினோம். காலையில் பார்த்த மண்வெட்டிக்காரர் அதே மிதவையில் ஏறினார். பத்து மணிக்குப் பாலமீன்மடுவில் ஆற்றுவாயை வெட்டிவிட்டார்கள் என்று செய்தி வந்திருந்தது. வலைக்காரரைக் காணோம். “வாயடிக்குப் போயிருப்பார். இழுக்கிற தண்ணியோட இறால் வரும்தானே” என்றார் இவர்.

நான் வாவியைப் பார்த்தேன். காலையில் இருந்த அதே மட்டம்தான். வெட்டிய வாய் இங்கிருந்து வெகு தூரம். இழுப்பு இந்தக் கரைக்கு வந்து சேர நேரம் எடுக்கும்.

அம்பிளாந்துறையில் இறங்கியதும் அவர் வேலியில் இருந்து ஒரு குச்சியை முறித்து, தண்ணீர் நிற்கும் விளிம்பில் ஊன்றினார். “விடிய வந்து பாத்தாத் தெரியும்.”

மாமி செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் சேலையைத் தூக்கி, தண்ணீர் படாத பக்கமாகச் சுற்றிப் போய் மேட்டில் ஏறினார். அங்கே நின்று குச்சியைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் அதைத் தொட்டபடி அசையாமல் நின்றது. பையைத் திறந்து கிளினிக் கொப்பி நனையவில்லையா என்று பார்த்துவிட்டு, “ராவைக்குத் தயிர் வாங்க வேணும், வா புள்ள” என்றார்.